அமெரிக்க அரசியலில் நேர்மை திரும்புமா? 1974-ல் நடந்ததே, இப்போது ஏன் முடியவில்லை?

பழைய ரேடியோ (இழையைத் தொடங்கியவர்):

கொஞ்ச நாளாக வாட்டர்கேட் (எதிர்க்கட்சி அலுவலகத்தில் நிக்சனின் ஆட்கள் புகுந்ததும், அதை மூடி மறைத்ததும்) செனட் விசாரணையின் பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து வந்த கேள்வி இது. கட்சிச் சண்டை வேண்டாம் என்றால் யாரும் கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு. தன்னை விசாரிக்கும் ஆர்ச்சிபால்ட் காக்ஸை வேலையை விட்டுத் தூக்கு என்கிறார் அதிபர் நிக்சன். அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன், முடியாது என்று ராஜினாமா செய்கிறார். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ரக்கல்ஷாஸும் முடியாது என்கிறார். மூன்றாவதாக இருந்த ராபர்ட் போர்க்தான் அந்த உத்தரவை நிறைவேற்றினார். பத்து மாதம் கழித்து, 1974 ஆகஸ்ட் 7 அன்று, பாரி கோல்ட்வாட்டரும் ஹியூ ஸ்காட்டும் ஜான் ரோட்ஸும் வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு ஓட்டு இல்லை என்று நிக்சனிடம் நேராகவே சொன்னார்கள். மூவரும் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். மறுநாள் இரவே டிவியில் ராஜினாமா அறிவிப்பு.

அதன் பிறகு வரிசையாகச் சட்டங்கள் வந்தன. தேர்தல் நிதிக் கட்டுப்பாடு 1974-ல், வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுக்கத் தடை 1977-ல். சொத்து விவரம் வெளியிடச் சொன்ன அரசு நெறிமுறைச் சட்டமும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் (துறைக்குள் இருந்தே ஊழலைக் கண்காணிக்கும் அதிகாரி) சட்டமும் அதிபர் ஆவணச் சட்டமும் 1978-ல். ஐந்தே வருடத்தில் இவ்வளவு செய்த நாடு இது. அந்த மனிதர்கள் எங்கே போனார்கள்?

கரிசல்காடு:

ரேடியோ சார், கோல்ட்வாட்டர் குழுவைத் தியாகிகள் ஆக்காதீர்கள். ஆகஸ்ட் 5 அன்று அந்த ஒலிநாடா வெளியே வந்துவிட்டது, நிக்சன் தன் குரலிலேயே விசாரணையைத் தடுக்கச் சொல்வது அதில் இருந்தது. அதற்குப் பிறகு போனதில் என்ன வீரம்? எண்ணிக்கை தெரிந்த அரசியல்வாதிகள், எண்ணிக்கையைச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து செப்டம்பர் 8-ல், அடுத்து அதிபரான ஜெரால்ட் போர்டு முழு மன்னிப்பு கொடுத்தார், நிக்சன் ஒரு நாள் கூட நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிற்கவில்லை.

சட்டங்கள் பெருமையும் அரைகுறைதான். 1974 சட்டத்தின் செலவு வரம்பை 1976-லேயே உச்ச நீதிமன்றம் வெட்டிவிட்டது, 2010-ல் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பில் கம்பெனிப் பணத்துக்கும் கதவு திறந்துவிட்டது. தேர்தல் ஆணையத்தில் ஆறு பேர், எதையாவது செய்ய நாலு ஓட்டு வேண்டும், ஒரே கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது முட்டுக்கட்டை போடுவதற்கென்றே கட்டிய வீடு. 2025-ல் அதில் கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) சேரக் கூட ஆள் இல்லாமல் போனது.

மார்த்தாள்:

நான் சபைக்குப் போகிறவள், அதனால் முதலில் எங்கள் வீட்டுக் குறையையே சொல்கிறேன். 1998 ஜூன் மாதம், அதிபர் கிளிண்டனின் கள்ளத்தொடர்பு விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தபோது, சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு (பெரிய புராட்டஸ்டன்ட் சபை அமைப்பு) ஒரு தீர்மானம் போட்டது. தலைவர்களின் பெரிய பாவங்களைப் பொறுத்துக்கொண்டால் சமூகத்தின் மனச்சாட்சி சூடுண்டு போகும், அதனால் ஒழுக்கம் உள்ளவர்களையே பதவிக்குத் தேர்ந்தெடுங்கள் என்று. நல்ல தீர்மானம். இன்றும் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை.

2011-ல் பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் ஒரு கேள்வி கேட்டது: சொந்த வாழ்க்கையில் ஒழுக்கக்கேடாக நடந்த ஒருவர் பொது வாழ்க்கையில் நேர்மையாக இருக்க முடியுமா? வெள்ளை இன இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேர்தான் முடியும் என்றார்கள், வேறு எந்தப் பிரிவையும் விடக் குறைவு. அதே கேள்வியை 2016-ல் கேட்டபோது 72 சதவீதம், எல்லாரையும் விட அதிகம். ஐந்து வருடத்தில் வேதம் மாறவில்லை, வேட்பாளர் மாறினார். இதை வெளிப்படையாகச் சொன்ன ரஸ்ஸல் மூர் சதர்ன் பாப்டிஸ்ட் அமைப்பின் நெறிமுறைப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர், கடைசியில் 2021-ல் வெளியேறிவிட்டார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 98-ல் “அது அவர் சொந்த விஷயம்” என்று கிளிண்டனுக்குக் குடை பிடித்தவர்கள்தான் இன்று எங்களுக்கு ஒழுக்கம் சொல்லித் தருகிறார்கள். எனக்குக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஜெர்சி ராஜா:

மார்த்தாள் அக்கா கடைசிப் பத்தியில் சொன்னதைத்தான் நான் முதல் பத்தியிலேயே சொல்லியிருப்பேன். நான் டிரம்புக்கு ஓட்டுப் போட்டவன், அதை மறைக்கவில்லை. மகனுக்கு மன்னிப்பு தரமாட்டேன் என்று ஊரறியச் சொன்ன பைடன் 2024 டிசம்பர் 1 அன்று தந்தார். பதவியின் கடைசி நாளில் தம்பி தங்கை எல்லாருக்கும் முன்கூட்டியே மன்னிப்பு. கிளிண்டன் 2001-ல் தன் கடைசி நாளில் வரி ஏய்ப்பு வழக்கிலிருந்து ஓடிப்போன மார்க் ரிச்சை மன்னித்தார். நியூயார்க்கில் டிரம்ப் மேல் போட்ட 34 குற்றச்சாட்டும் கணக்குப் புத்தகத்தில் பொய்ப் பதிவு என்பதுதான், அதைப் பெரும் குற்றமாக ஏற்றியது அரசியல் என்று பாதி நாடு நினைக்கிறது. நேர்மை நேர்மை என்று சொல்லும்போதெல்லாம் அது எங்கள் ஆள் மீது மட்டும் பாயும் ஆயுதமாகத் தெரிந்தால் நாங்கள் ஏன் கேட்க வேண்டும்?

அணில்:

ராஜா, பைடன் செய்தது அசிங்கம், ஒத்துக்கொள்கிறேன். அவர் குடும்பத்துக்கு மன்னிப்பு கொடுத்த அதே 2025 ஜனவரி 20 அன்று, சில மணி நேரம் கழித்து, 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கலவர வழக்குகளில் சுமார் 1500 பேருக்கு உங்கள் ஆள் மன்னிப்பு கொடுத்தார், போலீஸ்காரர்களை அடித்தவர்கள் உட்பட. ஒரே நாளில் இரண்டு பேரும். மன்னிப்பு அதிகாரம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது, சாதாரணச் சட்டத்தால் தொட முடியாது. அதை இங்கே தீர்க்க முடியாது, விடுவோம்.

நான் கேட்க வந்தது வேறு. “அந்த மனிதர்கள் எங்கே போனார்கள்” என்கிறார் ரேடியோ. அவர்கள் இருக்கிறார்கள், இருந்தார்கள், என்ன ஆனார்கள் என்று பாருங்கள். 2021 ஜனவரி 13 அன்று டிரம்ப் மீதான பதவி நீக்கத் தீர்மானத்துக்குப் பத்து குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். நாலு பேர் மறுபடி நிற்கவே இல்லை. நாலு பேர் பிரைமரியில் (நவம்பர் தேர்தலுக்கு முன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில்) தோற்றார்கள், லிஸ் செனி தோற்றது ஏறக்குறைய 37 புள்ளி வித்தியாசத்தில். திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர்: வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ், கலிபோர்னியாவின் டேவிட் வலடாவ். இரண்டு மாநிலத்திலும் கட்சிப் பிரைமரி கிடையாது, எல்லா வேட்பாளர்களும் ஒரே சீட்டில், எல்லா வாக்காளர்களும் போடலாம், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள். (அதே வாஷிங்டனில், அந்தப் பத்தில் ஒருவரான ஹெரேரா பியூட்லர் மயிரிழையில் மூன்றாவதாக வந்து தோற்றார், மந்திரக்கோல் என்று நான் சொல்லவில்லை.)

செனட்டில் லிசா முர்கௌஸ்கி. 2021-ல் டிரம்பைக் குற்றவாளி என்று ஓட்டுப் போட்ட ஏழு குடியரசுக் கட்சி செனட்டர்களில் அடுத்த வருடமே தேர்தலைச் சந்தித்தது அவர் மட்டும்தான். அலாஸ்கா 2020-ல் முறையை மாற்றியிருந்தது: பொதுப் பிரைமரியில் முதல் நாலு பேர், பிறகு நவம்பரில் விருப்ப வரிசைப்படி வாக்கு. டிரம்ப் நிறுத்திய வேட்பாளரை ஜெயித்து வந்தார். பழைய முறையில் 2010-ல் இதே முர்கௌஸ்கி கட்சிப் பிரைமரியில் தோற்று, வாக்காளர்கள் தன் பெயரைக் கையால் எழுதிப் போட்டு ஜெயித்தவர். அந்த சாகசம் எல்லாருக்கும் முடியாது.

மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டால் வேலை போகும் என்று வைத்துவிட்டு, மனசாட்சி இல்லையே என்று அழுவதில் எனக்கு உடன்பாடில்லை. கோல்ட்வாட்டருக்கு 1974-ல் அரிசோனாவில் அந்தப் பயம் இல்லை, அந்த வருடமே நின்று ஜெயித்தார்.

டல்லாஸ் தம்பி:

இரண்டு கட்சியும் கொள்ளைக்கூட்டம். நான் ஓட்டே போடுவதில்லை. நிம்மதி.

அரசாங்க ஊழியன்:

தம்பி, அந்த நிம்மதி கொள்ளைக்கூட்டத்துக்கும்தான்.

பெடரல் துறை ஒன்றில் வேலை பார்க்கிறேன், எதிலென்று கேட்காதீர்கள். எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. எங்களோடு தொழில் வைத்திருக்கும் யாரும் ஒரு தடவைக்கு 20 டாலர், வருடத்துக்கு மொத்தம் 50 டாலருக்கு மேல் எதுவும் தரக் கூடாது. கூட்டத்தில் கான்ட்ராக்டர் வைக்கும் சாண்ட்விச்சை எடுப்பதற்கு முன்னால் அது எத்தனை டாலர் இருக்கும் என்று யோசிப்பவர்கள் நாங்கள். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே யோசிப்போம்.

இப்போது மேலே பாருங்கள். வர்ஜீனியா ஆளுநர் பாப் மெக்டானல் ஒரு தொழிலதிபரிடம் ரோலக்ஸ் கடிகாரம், மகள் கல்யாணச் சாப்பாட்டுச் செலவு, கடன் என்று 1,75,000 டாலருக்கு மேல் வாங்கினார், அவருக்காகக் கூட்டங்கள் ஏற்பாடு செய்தார். 2016-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தது. கூட்டம் ஏற்பாடு செய்வது மட்டும் “அதிகாரபூர்வச் செயல்” ஆகாதாம். ஒருமனதாக, அதாவது லிபரல் நீதிபதிகளும் சேர்ந்து. 2024-ல் இந்தியானாவின் போர்ட்டேஜ் நகர மேயர் வழக்கு. குப்பை லாரி வாங்க ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்தார், வேலை முடிந்த பிறகு அவர்களிடம் 13,000 டாலர் வாங்கினார். முன்னால் வாங்கினால் லஞ்சம், பின்னால் வாங்கினால் அது நன்றிக்கடன், இந்தப் பெடரல் சட்டத்தில் வராது என்று 6-3 தீர்ப்பு. அதை எழுதிய நீதிமன்றத்துக்கு 2023 நவம்பர் வரை எழுத்தில் ஒரு நடத்தை விதித்தொகுப்பே இல்லை. அந்த நீதிமன்றத்தின் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸின் சொகுசுப் பயணங்கள் பற்றிச் செய்தி வந்த பிறகுதான் ஒன்று போட்டார்கள், அதையும் மீறினால் யார் கேட்பது என்று அதில் எழுதவில்லை.

காங்கிரஸ் உறுப்பினர்கள் பங்கு வாங்கி விற்றால் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ல் சட்டம் வந்தது. தாமதித்தால் அபராதம் 200 டாலர். எங்கள் ஊரில் வேகமாகக் கார் ஓட்டினால் அதைவிட அதிகம் கட்டுகிறேன்.

மேலே இருப்பவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சாண்ட்விச் சட்டம். கலாச்சாரம் கெட்டுவிட்டது என்று பேசுபவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

நீலமணி:

இழை முழுக்க “திரும்புமா”, “மீட்க முடியுமா” என்றே ஓடுகிறது. எதற்குத் திரும்புவது?

அரசாங்கத்தை நம்புகிறேன் என்று 77 சதவீத அமெரிக்கர்கள் சொன்ன வருடம் 1964. அந்த ஆகஸ்டில்தான் ஃபேனி லூ ஹேமர், மிசிசிப்பியில் பஞ்சு பொறுக்கிய பெண், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழு முன்னால் உட்கார்ந்து, ஓட்டுரிமை கேட்டதற்காகத் தன்னைச் சிறையில் எப்படி அடித்தார்கள் என்று சொன்னார். அவர் பேச்சு டிவியில் போகக் கூடாது என்று அதிபர் ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர் சந்திப்பு வைத்தார். நவம்பரில் எஃப்.பி.ஐ. மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பெயரில்லாக் கடிதம் அனுப்பியது, தற்கொலை செய்துகொள் என்று சொல்லாமல் சொல்லும் கடிதம். அந்த 77 சதவீதத்துக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்தவர்களுக்கு ஓட்டு இல்லை.

நம்பிக்கை 1974-ல் 36-க்கு விழுந்தது, இப்போது 20 பக்கம் நிற்கிறது என்று யாராவது அழப்போகிறீர்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். அந்தச் சரிவில் ஒரு பகுதி, மக்கள் உண்மையைத் தெரிந்துகொண்டதால் வந்தது. 1971-ல் பென்சில்வேனியாவின் மீடியா என்ற சின்ன ஊரில் எஃப்.பி.ஐ. அலுவலகத்தை உடைத்துக் கோப்புகளைத் திருடி பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள் சில சாதாரண மனிதர்கள். அதுவும் சட்டப்படி குற்றம்தான். அவர்களை எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்?

பழைய ரேடியோ:

நீலமணி, சரியான கேள்வி. 1964-க்குத் திரும்ப நான் கேட்கவில்லை, 1975-ஐத்தான் கேட்கிறேன். நீங்கள் சொன்ன கடிதமும் உளவும் அதிகாரபூர்வமாக அம்பலமானது 1975-ல் பிராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழுவில். அதே வருடம் போர்டு, எட்வர்ட் லெவியை அட்டர்னி ஜெனரல் ஆக்கினார். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சட்டப் பேராசிரியர், அரசியல் ஆள் கிடையாது. நிக்சனின் முதல் அட்டர்னி ஜெனரலாக அந்த நாற்காலியில் இருந்த ஜான் மிட்செல் பின்னாளில் ஜெயிலுக்கே போனவர், லெவி எந்த நிலைமையில் துறையை வாங்கினார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எஃப்.பி.ஐ. யாரை, எந்த ஆதாரத்தின் பேரில், எத்தனை நாள் விசாரிக்கலாம் என்று 1976-ல் விதிமுறை எழுதினார். வெள்ளை மாளிகை தனிப்பட்ட வழக்குகளில் நீதித்துறையோடு நேரடியாகப் பேசக் கூடாது என்ற வழக்கமும் அந்தக் காலத்தில்தான் உறுதியானது. பத்து வருடம் முன்னால் வரைக்கும் அதைப் பெரும்பாலும் எல்லாக் கட்சியும் மதித்தது.

கரிசல்காடு:

அங்கேதான் ஓட்டை சார். லெவி எழுதியது துறை விதிமுறை, காங்கிரஸ் போட்ட சட்டம் இல்லை. அடுத்து வருபவர் மாற்றலாம், மாற்றினார்கள். சட்டமாக இருப்பதற்கே என்ன மரியாதை? 2025 ஜனவரியில் பதினேழு இன்ஸ்பெக்டர் ஜெனரல்களை ஒரே ராத்திரியில் நீக்கினார்கள். 30 நாள் முன்பே காங்கிரசுக்குக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நீக்கியது சட்டவிரோதம் என்று நீதிபதி சொன்னார், ஆனால் வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை, எப்படியும் 30 நாளில் மறுபடி நீக்கிவிடுவார்கள் என்று. காங்கிரஸ் என்ன செய்தது? ஓரிருவர் கடிதம் எழுதினார்கள்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் எனக்கு நம்பிக்கை வருகிறது, அது நல்லவர்களைப் பற்றியது இல்லை. செஸ்டர் ஆர்தர். நியூயார்க் சுங்கத்துறையில் கட்சிக்காரர்களுக்கு வேலையும் வேலைக்காரர்களிடம் வசூலும் என்று வாழ்ந்த ஆள், அதற்காகவே 1878-ல் அதிபர் ஹேஸ் அவரை நீக்கினார். அதிபர் கார்பீல்டை வேலை கிடைக்காத ஒருவன் 1881-ல் சுட்டுக் கொன்ற பிறகு இவர் அதிபரானார், நாடே தலையில் கை வைத்தது. 1882 தேர்தலில் கட்சி நன்றாக அடி வாங்கியதும், தேர்வு எழுதித்தான் அரசு வேலை என்ற பெண்டில்டன் சட்டத்தில் 1883 ஜனவரியில் கையெழுத்துப் போட்டார் இதே ஆர்தர். தோல்வி பயம் செய்த வேலை.

ஜெர்சி ராஜா:

அப்படியானால் எங்கள் நியூஜெர்சி கதையைச் சொல்கிறேன், இதில் ஜனநாயகக் கட்சியைத் திட்டவும் வசதி இருக்கிறது. செனட்டர் பாப் மெனண்டெஸ் வீட்டில் தங்கக் கட்டிகளும் கோட் பைகளில் கட்டுக்கட்டாகப் பணமும் எடுத்தார்கள், 2024 ஜூலையில் குற்றவாளி என்று தீர்ப்பு, 11 வருடம் சிறை. ஆனால் அவரை அத்தனை காலம் வளர்த்தது எது? எங்கள் பிரைமரி வாக்குச்சீட்டு. 21 கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 19-ல் கட்சித் தலைவர்கள் ஆதரிக்கும் வேட்பாளர்கள் எல்லாரும் ஒரே வரிசையில், அதிபர் வேட்பாளர் பெயருக்குக் கீழே அழகாக. மற்றவர்கள் எங்கோ மூலையில், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வரிசை கிடைத்தால் பாதி ஜெயித்த மாதிரி. அதைக் கொடுப்பவர் கவுண்டிக் கட்சித் தலைவர், அவருக்குப் பிடித்தவராக இருந்தால் போதும்.

மெனண்டெஸ் மேல் வழக்கு வந்ததும் ஆண்டி கிம் நின்றார் (ஜனவரி 6 ராத்திரி நாடாளுமன்றத் தரையில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தாரே, அவரேதான்). ஆளுநரின் மனைவியும் நின்றார், பெரிய கவுண்டிகள் வரிசையை அம்மையாருக்குக் கொடுத்தன. கிம் நீதிமன்றம் போனார். 2024 மார்ச் கடைசியில் அம்மையார் விலகினார், அதே வாரத்தில் நீதிபதி அந்த வாக்குச்சீட்டு முறைக்குத் தடை போட்டார், 2025-ல் சட்டத்திலிருந்தே எடுத்தார்கள். நான் கிம்முக்கு ஓட்டுப் போடவில்லை, போடவும் மாட்டேன். அந்த வழக்கு மட்டும் சபாஷ்.

மார்த்தாள்:

ராஜா தம்பி ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரைப் பாராட்டியதை மாடரேட்டர் பின் செய்து வைக்கவும்.

ஆனால் எல்லாரும் சீட்டு, சட்டம், வரிசை என்கிறீர்கள், கூட்டத்தில் இருப்பவனின் மனசை யாரும் தொடவில்லை. 2008 அக்டோபரில் மினசோட்டாவில் ஒரு பெண் ஒபாமாவை அரேபியர் என்றபோது அவரை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்ற மெக்கெய்ன் மைக்கை வாங்கி, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர் என்று சொன்னார். அதே கூட்டத்தில், ஒபாமாவுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொன்னதற்கு மெக்கெய்னின் ஆட்களே அவருக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலை எந்த வாக்குச்சீட்டு சரி செய்யும்? சபையிலும் சாப்பாட்டு மேஜையிலும் பிள்ளைகள் முன்னால் நாம் எதற்குச் சிரிக்கிறோம் என்பதிலிருந்துதான் அது வருகிறது என்று நினைக்கிறேன்.

கரிசல்காடு:

அணிலுக்கு ஒரு குட்டு வைத்துவிட்டுப் போகிறேன். உங்கள் அலாஸ்கா முறையை ரத்து செய்யும் வாக்கெடுப்பு 2024 நவம்பரில் தோற்றது ஆயிரம் ஓட்டுக்கும் குறைந்த வித்தியாசத்தில்தான். அன்றே கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஓரிகான் நாலும் இந்த மாதிரி முறை வேண்டாம் என்றன. மிசௌரி தடையே போட்டது. மக்கள் கேட்கவில்லையே?

அணில்:

கேட்கவில்லை, உண்மைதான். நெவாடாவில் 2022-ல் முதல் சுற்றில் ஜெயித்து 2024-ல் தோற்றது, இரண்டு கட்சியுமே எதிர்த்துப் பிரசாரம் செய்தன. இரண்டு கட்சியும் சேர்ந்து பயப்படும் விஷயம் இந்த நாட்டில் அதிகமில்லை, அதனாலேயே எனக்கு இதன் மேல் இன்னும் ஆசை. மார்த்தாள் அக்கா சொன்ன கூச்சலுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஜார்ஜியாவில் 11,780 ஓட்டு கண்டுபிடி என்று டிரம்ப் போனில் கேட்டபோது மறுத்த மாநிலத் தேர்தல் பொறுப்பாளர் ராபென்ஸ்பெர்கர் 2022 பிரைமரியில் ஜெயித்தார். அங்கே கட்சிப் பதிவு கிடையாது, யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சிப் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம்.

டல்லாஸ் தம்பி:

சரி, ஒரு சந்தேகம். டெக்சாஸில் எப்படி? நான் எந்தக் கட்சியிலும் இல்லை.

அரசாங்க ஊழியன்:

அங்கேயும் வாக்காளர் பதிவில் கட்சி கிடையாது. மார்ச் பிரைமரி அன்று போய் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்கலாம், ஒன்றுதான் தருவார்கள். ரன்ஆஃப் (இரண்டாம் சுற்று) வந்தால் அதே கட்சியில்தான் போட முடியும். தேர்தலுக்கு 30 நாள் முன்பே பெயர் பதிவாகியிருக்க வேண்டும், டெக்சாஸில் டிரைவர் லைசன்ஸை ஆன்லைனில் புதுப்பிக்கும்போது தவிர ஆன்லைனில் பதிய முடியாது, படிவத்தில் கையெழுத்துப் போட்டு நேரில் கொடுக்க வேண்டும் அல்லது தபாலில் அனுப்ப வேண்டும். அரசாங்கம் தரும் படிவம் என்றால் ஸ்டாம்ப் வேண்டாம், தபால் செலவு அரசாங்கத்துடையது.